குரோம்பேட்டையில் காட்ட என்ன இருக்கிறது?

டெல்லியில் கூடப் படிக்கும் தோழி இரண்டு நாள் தங்க வருகிறாள், குரோம்பேட்டையில் காட்ட ஒன்றுமே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், இல்லை. குரோம் லெதர் என்ற தோல் கம்பெனியால் பெயர் பெற்ற ஊரில் கடற்கரைக்கு எங்கே போவது? ஜி.எஸ்.டி. சாலை, ஜவுளிக்கடை, எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வாசல் (அப்துல் கலாம் படித்த இடம் என்று மறக்காமல் சொல்லுங்கள்). அரை மணியில் ஊர் முடிந்துவிடும்.

அதற்காக இரண்டு நாளும் மாமல்லபுரத்துக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வெள்ளிக்கிழமையும் சேர்கிற மாதிரி வரச் சொல்லுங்கள். மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம் பல்லாவரம். அன்றுதான் அங்கே சந்தை. செடி, புறா, பழைய சைக்கிள், கால் ஆடும் நாற்காலி எல்லாம் கிடைக்கும். டிவி ரிமோட்டுகளைத் தார்ப்பாயில் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டு டிவிக்கானது அதில் இருந்தே தீரும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

அவள் வரலாற்று மாணவி என்றால் இன்னொன்று: 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்தில்தான். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

இரவுக்கு அம்மாவிடம் அடைக்கு ஊறவைக்கச் சொல்லுங்கள், ஓட்டல் வேண்டாம். ஞாயிறு மாலை மட்டும் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் சாலையைக் கடப்பதற்குள் அவளுடைய ரயிலுக்கு நேரமாகிவிடும்.