பகலில் பட்டினி, நடுராத்திரியில் சமையலறை

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 22 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு வங்கியில் துப்பாக்கியோடு காவல் வேலை. பகல் முழுக்க டீதான். நடுராத்திரி எழுந்து, லைட்கூடப் போடாமல், மிச்சமிருக்கும் சோறு, குழம்பு, பிள்ளைகளின் பிஸ்கட் எல்லாவற்றையும் தின்று தீர்க்கிறார். விடிந்ததும் பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஸ்கூட்டர் பெட்டியில் பேதி மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். கேட்டால் கத்துகிறார். காஷ்மீரில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். ஃபிரிட்ஜைப் பூட்டிவிடலாமா? அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகும் மகனும் இப்போது ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டான்.
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பூட்ட வேண்டாம், சகோதரி. பூட்டினால் வெளியே போய்ச் சாப்பிடுவார், உங்களிடம் மறைப்பது இன்னும் கூடும். ராத்திரித் தீனியை நிறுத்த வழி கேட்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்தப் பகல் பட்டினி.

1944-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை தொடங்கினார். அதில் சேர்ந்த 36 இளைஞர்களும் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர்களை எடுத்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்ததில் உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. சதா சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தவர்கள்கூட உண்டு. அப்புறம் தாராளமாகச் சாப்பாடு போட்டபோது, வயிறு முட்டியும் சிலரால் நிறுத்த முடியவில்லை. நடுராத்திரியில் உங்கள் வீட்டில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். பகலில் பட்டினி போட்ட உடம்பு ராத்திரி வசூலிக்கிறது. அவர் வெட்கப்பட்டு மறுநாளும் பட்டினி கிடக்கிறார், மறுபடியும் அதே ராத்திரி.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. பட்டாளத்தில் எடை கூடினால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கும், பிரமோஷன் தள்ளிப்போகும். அதனால் மெடிக்கலுக்கு முன்னால் சாப்பாட்டைக் குறைத்து, விழுந்து விழுந்து ஓடுகிறவர்கள் உண்டு. அங்கே அதைக் கட்டுப்பாடு என்று பாராட்டத்தான் செய்வார்கள். ஓய்வு பெற்றபின் மெடிக்கல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. அதோடு அந்தக் காஷ்மீர் மௌனமும் சேர்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரை ஆராய்ந்தவர்கள், போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டவர்களிடம் இந்த அடங்காத தீனி கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் வராத ராத்திரியில் வயிறு நிறையத் தின்றால் மனம் கொஞ்ச நேரமாவது மரத்துப்போகும். சிலர் அதற்குக் குடியை நாடுகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் குழம்புச் சட்டியை நாடுகிறார்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்லிவிட முடியாது. ஆனால் அடக்க முடியாமல் தின்பது, அதை ஈடுகட்டப் பட்டினி, பேதி மாத்திரை, ஓட்டம் என்று இறங்குவது, இது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் நீடிப்பது, உடல் எடையை வைத்தே தன்னை மதிப்பிடுவது, இவை சேர்ந்திருந்தால் புலிமியா என்போம். பெண்பிள்ளைகளுக்கு வரும் நோய் என்றே நம்மூரில் பலர் நினைப்பதால், மீசை வைத்த ஹவில்தாரிடம் டாக்டர்கூட இதைக் கேட்பதில்லை.

பேதி மாத்திரைதான் அவசரம். அது தின்ற சாப்பாட்டை வெளியேற்றுவதில்லை. தண்ணீரையும் உப்புச்சத்தையும்தான் இழுத்துக்கொண்டு போகிறது. பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதன்மேல் பத்து கிலோமீட்டர் ஓட்டம், அதுவும் வேலூர் வெயிலில்! இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். மயக்கம், படபடப்பு வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

எப்படிப் பேசுவது? பிள்ளைகள் முன்னால் வேண்டாம், சமையலறையில் கையும் களவுமாகப் பிடித்தும் வேண்டாம். எடை, தொப்பை என்ற பேச்சே வரக்கூடாது. “நீங்க தூங்காம இருக்கறத பாக்கறேன், பயமா இருக்குங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட போய்ட்டு வரலாம்” என்றால் போதும். அப்போதும் கத்தினால், அவரோடு பணியாற்றிய நண்பர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மனைவி சொல்லி வராதவர்கள் பழைய பட்டாலியன் தோழன் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள். மனநல மருத்துவரைப் பார்த்தால் பென்ஷன் போய்விடுமோ என்று பயந்தால், போகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டு இருந்தால், அதன் பாலிகிளினிக்கில் காட்டி, மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். முதலில் நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம்.

சிகிச்சையில் முதல் வேலை டயட் அல்ல, நேரத்துக்குச் சாப்பிடுவது. காலை, மதியம், இரவு, நடுவில் ஏதாவது கொஞ்சம். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிட வேண்டும். பட்டாளத்தில் மணியடித்தால் சாப்பிட்டவருக்கு இது பழகிய விஷயம்தான். கூடவே பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை.

துப்பாக்கியை எங்கே வைக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருந்தால், சிகிச்சை நடக்கும்வரை போலீஸ் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

மகன் விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மைதானத்தில் ஓடிவிட்டு வரும் பையனுக்கு ராத்திரிச் சாப்பாடு கட்டாயம். அவனை உட்காரவைத்துப் பரிமாறுங்கள், அப்பாவுக்கும் பக்கத்திலேயே ஒரு தட்டு போடுங்கள். சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள்.