ராப் இசை எங்கே, எப்படிப் பிறந்தது? ஒருவர் வேகமாகப் பேசுவதை ஏன் இசை என்கிறார்கள்?

கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன். முதல் பாதிக்கான விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ராப் பேச்சிலிருந்து பிறக்கவில்லை, ட்ரம்ஸிலிருந்து பிறந்தது. பேசுகிறவர் பின்னால் வந்து சேர்ந்தவர். இந்த வரிசையைப் புரிந்துகொண்டால், ஐம்பது ஆண்டுகளாக இந்த இசை ஏன் இத்தனை முறை உருமாறியது என்பதும் புரிந்துவிடும்.

நியூயார்க் நகரத்தின் வட பகுதி பிராங்ஸ். 1940களின் இறுதியில் தொடங்கி 1972 வரை அதன் நடுவே ஒரு விரைவுச்சாலையைப் போட்டார்கள். குடியிருப்புகள் இடிக்கப்பட்டன, வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள், வீட்டு மதிப்பு சரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தங்கள் கட்டடங்களுக்குத் தீ வைத்த காலம் அது. கறுப்பினக் குடும்பங்களும் புவேர்ட்டோ ரிக்கோ, கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பிள்ளைகளிடம் டிஸ்கோ அரங்குக்குப் போகப் பணம் இல்லை. வீட்டில் இசைத்தட்டுகள் இருந்தன.

1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் உள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டவர், அதாவது டிஜே, அவருடைய அண்ணன் கிளைவ், வயது 18. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் பிராங்ஸுக்கு வந்தவர். தெருமுனையில் ராட்சத ஸ்பீக்கர்களை அடுக்கி ஊரையே ஆடவைக்கும் ஜமைக்கா வழக்கத்தைச் சிறு வயதிலேயே பார்த்தவர். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிந்தது அவரைத்தான்.

ஹெர்க் கூட்டத்தைக் கவனித்தார். பாட்டு ஓடும்போது சுவரோரம் நின்ற இளைஞர்கள், பாடகரும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் தனியே ஒலிக்கும் சில நொடிகளில் களத்தில் குதித்தார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் பிரேக். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் (தட்டைச் சுழற்றும் கருவிகளில்) வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதைத் தொடங்கினால் சில நொடித் தாளம் பல நிமிடம் நீளும் என்று அவர் கண்டுகொண்டார். என்னைக் கேட்டால், இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசைக் கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. புதிய வாத்தியம் எதுவும் வாங்காமல், இருந்த பொருளையே வேறு விதமாகக் கையாண்டு கண்டுபிடித்தது.

ஹெர்க் மாற்றும்போது தாளம் சற்றுத் தடுமாறும். அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். பார்படோஸில் பிறந்து, தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். இசைத்தட்டின் மேல் வண்ணக்கோல் கொண்டு குறியிட்டு, எத்தனை சுற்று பின்னால் திருப்பினால் பிரேக்கின் தொடக்கம் வரும் என்று கணக்கு வைத்துக்கொண்டார். தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஒலியெழுப்பும் ஸ்க்ராட்ச் உத்தியை 1970களின் நடுவில் உருவாக்கியவர் கிராண்ட் விசார்ட் தியோடர் என்ற சிறுவர். அம்மா அறைக்குள் வந்து திட்டியபோது ஓடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் பிடித்து நிறுத்தியதாகவும், அப்போது எழுந்த ஒலி பிடித்துப்போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

எம்சி என்கிற பேச்சாளரின் வேலை முதலில் கூட்டத்தை உற்சாகப்படுத்துவது மட்டும்தான். ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் மைக்கில் நண்பர்களின் பெயர்களைச் சொல்லி இரண்டு வரி எடுத்துவிடுவார். மெல்ல மெல்ல அந்த இரண்டு வரிகள் பாட்டாக வளர்ந்தன. மேற்கு ஆப்பிரிக்காவின் கதைசொல்லிப் பாணர்களிலிருந்துதான் ராப் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். உறவு உண்டு, ஆனால் தூரத்து உறவு. வானொலி அறிவிப்பாளர்களின் எதுகைப் பேச்சு, கறுப்பின இளைஞர்களின் வசைப்போட்டி, 1960களின் இறுதியில் ஹார்லெமில் முரசோடு கவிதை சொன்ன லாஸ்ட் பொயட்ஸ் குழு ஆகியவையே நெருங்கிய சொந்தம்.

ஆறு ஆண்டுகள் இது விருந்துகளில் மட்டுமே வாழ்ந்தது. ஒலிநாடாவில் பதிந்து கைமாறியதோடு சரி. 1979இல் நியூ ஜெர்சியில் சிறிய இசைத்தட்டு நிறுவனம் நடத்திய சில்வியா ராபின்சன் மூன்று பேரைத் திரட்டி, ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் ஒரு பாட்டின் தாளத்தைக் கலைஞர்களை வைத்து மறுபடி வாசிக்கச் செய்து, ஏறக்குறைய பதினைந்து நிமிட 'ராப்பர்ஸ் டிலைட்'டை வெளியிட்டார். உலகம் முழுவதும் ஓடியது. அந்த மூவரில் ஒருவர் சொன்ன வரிகள் பிராங்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. காஸின் மேடைப்பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே சொல்லியிருப்பார். காஸுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. முதல் பெரிய வெற்றியிலேயே இந்த அநியாயம் நடந்தது எனக்கு இன்றும் கசக்கிறது.

1982இல் வந்த 'தி மெசேஜ்' என்ற பாட்டு கொண்டாட்டத்தை விட்டுவிட்டு உடைந்த கண்ணாடி, எலி, கடன் என்று சேரி வாழ்க்கையைப் பேசியது. உறையில் ஃபிளாஷின் பெயர் முதலில் இருக்கும். ஒலிப்பதிவில் அவர் கிடையாது. மெல்லி மெல் என்ற ராப்பரும் எட் ஃபிளெச்சரும்தான் பாடினார்கள். டிஜே பின்னால் போய் எம்சி முன்னால் வந்த தருணமாக நான் இதைப் பார்க்கிறேன்.

இதற்கு அடுத்து நான் மணிக்கணக்கில் பேசக்கூடிய மனிதர் ராகிம். அதுவரை ராப்பர்கள் இரண்டு வரிகளின் கடைசிச் சொற்களை ஒத்து ஒலிக்கவைத்தார்கள். நம் யாப்பில் இயைபு என்போமே, அதுதான். 1987இல் எரிக் பி என்ற டிஜேயோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் ராகிம் ஒத்த ஒலிகளை வரியின் நடுவிலும் தொடக்கத்திலும் நட்டார். வாக்கியம் தாளக்கட்டின் எல்லையைத் தாண்டி அடுத்த வரிக்குள் போய் முடியும். குரலை உயர்த்தவே மாட்டார். இளமையில் சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பிலிருந்து கற்றதாகச் சொன்னவர். சீர்களுக்குள் எதுகையும் மோனையும் தேடிப் பழகிய காது உங்களுக்கு இருந்தால், ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் ராகிமின் நெசவு கேட்கும்.

அதே ஆண்டு, பழைய தட்டிலிருந்து ஒலித்துணுக்கைப் பதிந்து தாளமாக்கும் எஸ்பி-1200 என்ற கருவி சந்தைக்கு வந்தது. அப்படி எடுத்த துணுக்குக்குப் பெயர் சாம்பிள். மொத்தம் பத்து நொடி ஒலியைத்தான் அதில் சேமிக்க முடியும். தயாரிப்பாளர்கள் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடம் மிச்சமானது, கூடவே ஒரு கரகரப்பும் வந்தது. பழைய நியூயார்க் ராப் என்றவுடன் நினைவுக்கு வரும் ஒலி அதுதான். பப்ளிக் எனிமி என்ற குழு 1988இல் டஜன்கணக்கான சாம்பிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு கலவரத்தையே எழுப்பியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் அருகிலுள்ள காம்ப்டனிலிருந்து என்டபிள்யூஏ குழு காவல்துறையின் வன்முறையைப் பேசியது. அடுத்த ஆண்டு அவர்களுடைய இசை நிறுவனத்துக்கு எஃப்பிஐ அதிகாரி ஒருவர் கண்டனக் கடிதம் எழுதினார்.

1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் எல்லாம் மாறியது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதி பெறாமல் ஒரு பகுதியை எடுத்திருந்தார். 'திருடாதே' என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார் நீதிபதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதியும் பணமும் தேவைப்பட்டன. பப்ளிக் எனிமி செய்ததுபோல் அடுக்குவது கட்டுப்படியாகவில்லை. 1992 இறுதியில், என்டபிள்யூஏவில் இருந்த டாக்டர் டிரே தன் தொகுப்பில் பழைய ஃபங்க் மெட்டுகள் பலவற்றைக் கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துப் பதிவு செய்தார். மேற்குக் கடற்கரையின் அந்த வழவழப்பான ஒலிக்கு ரசனை ஒரு காரணம் என்றால் சட்டம் இன்னொரு காரணம்.

சட்டம் ஒலிப்பதிவின் உரிமையாளரையும் பாட்டெழுதியவரையும் காத்தது, வாசித்தவரைக் காக்கவில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பதிவில் கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட் வாசித்த சில நொடி பிரேக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கையாளப்பட்டது. பாட்டெழுதியவராக அவர் பெயர் பதிவாகாததால் உரிமைத்தொகை அவருக்கு வரவில்லை. 2017இல் இறந்தார்.

கிழக்கு, மேற்குக் கடற்கரை ராப்பர்களின் சண்டைக் காலத்தில் டூபாக் 1996இலும் நட்டோரியஸ் பிஐஜி 1997இலும் சுட்டுக் கொல்லப்பட்ட கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்தச் சண்டையின் இரைச்சலில் பலர் கவனிக்கத் தவறியது தெற்கை. 1995இல் நியூயார்க்கில் நடந்த விருது விழாவில் தெற்கு நகரமான அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு பரிசு வாங்கியபோது அரங்கம் கூச்சலிட்டது. 'தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது' என்று அக்குழுவின் ஆண்ட்ரே மேடையில் பதில் சொன்னார். பத்தாண்டுக்குள் அட்லாண்டா இந்த இசையின் தலைநகரானது. தெற்கின் ஒலிக்கு முதுகெலும்பு ரோலண்ட் டிஆர்-808 என்ற தாளக் கருவி. 1980இல் வந்து, சரியாக விற்காமல் 1983இல் நிறுத்தப்பட்டது. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்தது. நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அதன் ஆழ்ந்த பாஸ் ஒலியை தெற்கில் பிறந்த டிராப் என்ற ராப் வகையின் இன்றைய பாடல்களிலும் கேட்கலாம்.

2018இல் ராப்பர் கெண்ட்ரிக் லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் தவிர வேறு இசைக்கு அது தரப்பட்டது அதுவே முதல் முறை. தமிழுக்கும் இந்த இசைப் பாணி வந்து சேர்ந்தது. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து அதன்மேல் தமிழில் ராப் கட்டினார்கள். முந்தைய தலைமுறையின் இசைத்தட்டைப் புதிய தலைமுறை கையிலெடுப்பது பிராங்ஸ் வழி என்றால், எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாடல்களில் அதை முறையாகச் செய்தது இது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ராகிமின் 1987 தொகுப்பு, நாஸ் 1994இல் வெளியிட்ட 'இல்மாட்டிக்', லாரின் ஹில்லின் 1998 தொகுப்பு, இந்த வரிசையில் கேளுங்கள். 'இல்மாட்டிக்' நாற்பது நிமிடம்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம். பாடல் வரிகளைக் கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். நாஸ் வளர்ந்த நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியின் அந்தக் காலத்துத் தெருமொழி அமெரிக்கர்கள் பலருக்கே விளக்கக் குறிப்பு இல்லாமல் புரியாது.