இலவச ஆப் போட ஜிமெயில் எதற்கு? கடைக்காரரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: 63 வயதாகும் அம்மாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தேன். வாட்ஸ்அப், பேங்க் ஆப் இரண்டும் போடப் போனால் பிளே ஸ்டோர் கூகுள் கணக்கு கேட்கிறது. காசில்லாத ஆப்புக்குக் கணக்கு எதற்கு? அது இல்லாமல் வழி உண்டா? கடையில் 150 ரூபாய்க்கு ‘மெயில் ஐடி போட்டுத் தருகிறோம்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, ஆரணி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொடுக்காதீர்கள். 150 ரூபாய் போவது பெரிதில்லை, அம்மாவின் போனுக்கான சாவி வேறொருவர் கையில் போய்விடும்.

போன மாதம் ஒரு பெரியவர் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பேட்டர்ன் மறந்துவிட்டது, யாரோ பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்து கொடுத்திருக்கிறார்கள். போன் திறந்தது, ஆனால் பழைய கூகுள் கணக்கைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டது. இது கோளாறு இல்லை. திருடியவன் அழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக 2015 முதல் ஆண்ட்ராய்டில் இருக்கும் பூட்டு. அந்தக் கணக்கை உருவாக்கியது கடைப் பையன். பாஸ்வேர்டு பெரியவருக்குத் தெரியாது, ஓடிபி போவதோ பையனின் எண்ணுக்கு. அவன் வேலையை விட்டுப் போய் ஒரு வருஷம். இப்போது ‘லாக் எடுத்துத் தர’ அதே கடையில் ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். பூட்டியவரே திறக்கக் கூலி கேட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

அவசரத்தில் பிறந்த தேதியைக் கண்டபடி போட்டுவிடுவதும் நடக்கிறது. இந்தியாவில் 13 வயதுக்குக் குறைவு என்று பதிவானால் கூகுள் கணக்கையே முடக்கிவிடக்கூடும். அப்புறம் 63 வயது அம்மா, தான் குழந்தை இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

ஏற்கனவே கடையில் போட்டுவிட்டார்கள் என்றால், பழைய கணக்கை உடனே நீக்கிவிடாதீர்கள். போன் எண்கள் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தால் அவையும் போனிலிருந்து மறைந்துவிடும். முதலில் காண்டாக்ட்ஸ் ஆப்பில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து எல்லா எண்களையும் ஒரு ஃபைலாக எடுத்துவையுங்கள். பிறகு புதுக் கணக்கைச் சேர்த்து, எண்களை அதில் ஏற்றி, வாட்ஸ்அப் பேக்கப்பையும் அதற்கு மாற்றிவிட்டு, பழையதை நீக்குங்கள். பழைய கணக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் போன் எண்) மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் கூகுள் குறியீடு அனுப்பக்கூடும். அதனால் புதுக் கணக்குதான் நிம்மதி.

கணக்கே இல்லாமல் வழி உண்டா? பிளே ஸ்டோரில் கிடையாது. வெளியே ஒரு நல்ல வழி இருக்கிறது: எஃப்-டிராய்டு. பிளே ஸ்டோர் போலவே ஆப்களை இறக்கிக்கொள்ள 2010 முதல் நடக்கும் கிடங்கு. பெயர், எண், மெயில் எதுவும் கேட்காது. மூல நிரலை, அதாவது ஆப் எழுதப்பட்ட வரிகளை, யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் இலவச ஆப்கள் மட்டும்தான் அதில் இருக்கும். புத்தகம் படிக்க, பாட்டு கேட்க, குறிப்பு எழுத, வரைபடம் பார்க்க எனத் தாராளமாகக் கிடைக்கும். என் போனிலேயே பாதி அங்கிருந்து வந்தவை. அப்டேட்டும் அங்கிருந்தே வரும். அதைப் போட, தெரியாத இடத்திலிருந்து நிறுவ பிரவுசருக்கு அனுமதி கொடுக்க வேண்டும். எஃப்-டிராய்டைப் போட்டு முடித்ததும் அந்த அனுமதியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். ஆனால் அம்மாவுக்கு வேண்டிய இரண்டு ஆப்பும் அங்கே இல்லை. எனவே உங்களுக்கு இது இப்போதைக்கு உதவாது. வழி கேட்டதால் சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல், பெயர் .apk என்று முடியும்) வந்தால் மட்டும் தொடவே கூடாது. போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கேஒய்சி என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். போட்டால் எஸ்எம்எஸ்ஸைப் படித்து ஓடிபியை அள்ளிக்கொண்டு போய்விடும். பணம் போனால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

‘எதற்குக் கணக்கு’ என்ற கேள்வி நியாயமானது. எந்த ஆப்பை யார் போட்டார்கள் என்று குறித்துக்கொள்ள, காசு கொடுத்து வாங்கியதைப் புதுப் போனில் திருப்பித் தர என்று காரணம் சொல்வார்கள். காசு கொடுப்பவருக்கு அது சரி. இலவசமாக எடுப்பவருக்கு எதற்கு? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கம்ப்யூட்டர்களில் பல வருஷங்களாக யாரும் பெயர் சொல்லாமல் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை இறக்குகிறார்கள், பாதுகாப்பு அப்டேட்டும் வருகிறது. ஆக, முடியாது என்பதில்லை, செய்ய மனமில்லை. ஐபோனிலும் இதே கதைதான். இப்படிக் கட்டாயப்படுத்துவதால்தான் மெயிலே தேவைப்படாத அம்மாக்கள் கடைவாசலில் நிற்கிறார்கள்.

நீங்களே போட்டால் பத்து நிமிட வேலை. போன் அமைப்பை முதலில் தமிழுக்கு மாற்றி, அம்மாவை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய்ப் புதுக் கூகுள் கணக்கு தொடங்குங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். எண் கேட்டால் அம்மாவின் சிம்மையே கொடுங்கள், மீட்பு மெயிலாக உங்களுடையது. பாஸ்வேர்டை ரேஷன் கார்டு வைக்கும் பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிளே ஸ்டோர் முதல் தடவை கார்டு, யுபிஐ விவரம் கேட்கும். பயந்து கொடுத்துவிடாதீர்கள். இலவச ஆப்புக்கு அது வேண்டாம். ‘தவிர்’ என்று இருக்கும், அதை அழுத்தினால் வாட்ஸ்அப் இறங்கிவிடும்.