இளைஞர்களுக்கான ரேடியோவுல ஆர்ஜேக்களை ஏன் மாத்திக்கிட்டே இருக்காங்க? கேக்குறவங்களுக்கு வயசானா ஸ்டேஷனுக்கு என்ன பிரச்சனை?

இந்தக் கேள்வியைப் பாத்துட்டு தாண்டிப் போக முடியல. உங்களுக்குப் பிடிச்ச ஆர்ஜே யாரையோ சொல்லாம கொள்ளாம தூக்கியிருப்பாங்க, நீங்களும் முப்பதைத் தாண்டியிருப்பீங்க, புதுசா வந்த குரல் நம்மகிட்ட பேசல, வேற யார்கிட்டயோ பேசுதுன்னு தோணியிருக்கும், அதான் கேட்டிருக்கீங்கன்னு நினைக்கிறேன். நான் தென்மாவட்டத்துல ஒரு தனியார் எஃப்எம்ல பல வருஷம் சாயங்கால ஷோ பண்ணவ. ஸ்டேஷன் பேரு வேண்டாம், அங்க இன்னும் எனக்குப் பிரியமானவங்க வேலை பாக்குறாங்க.

முதல்ல கேட்டதுக்குப் பதில். ரேடியோவுல ஒரு குரல் பிடிச்சுப்போச்சுன்னா ஜனங்க லேசுல விட மாட்டாங்க. காலேஜ் படிக்கும்போது கேக்க ஆரம்பிச்சவங்க கல்யாணமாகி, புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வரும்போதும் அதே ஷோவைத்தான் வைப்பாங்க. அதே சமயம் புதுசா 18 வயசு ஆகுறவங்க முன்ன மாதிரி ரேடியோ பக்கம் வர்றதில்ல, ஃபோன்லயே எல்லாம் கிடைக்குது. பழையவங்க போகாம புதியவங்க கம்மியா வந்தா சராசரி வயசு தன்னால ஏறும். விளம்பரம் குடுக்குறவங்களுக்கு இளசுங்கதான் வேணும், ஏன்னா பைக், ஃபோன், துணிமணின்னு புதுசா ஒரு பிராண்டுக்குப் பழகப்போறவங்க அவங்கதான். அப்போ மேல இருக்குறவங்க கண்ணுக்கு உடனே மாத்தக்கூடிய ஒரே பொருளா ஆர்ஜேதான் தெரியுறாங்க. ட்ரான்ஸ்மிட்டரை மாத்த முடியாது, சினிமாப் பாட்டை விட முடியாது, ஆளை மாத்தலாம்ல?

இதுக்குப் பெரிய உதாரணம் நம்ம ஊர் இல்ல, பிரிட்டன். பிபிசி ரேடியோ 1. அது 1967 செப்டம்பர் 30ல ஆரம்பிச்சது, கடல்ல கப்பல்ல இருந்து ஒலிபரப்பிட்டு இருந்த திருட்டு ரேடியோக்களை அந்த வருஷம் சட்டம் போட்டு நிறுத்தினதுக்கு அப்புறம், அந்த இளைஞர் கூட்டத்துக்குன்னே ஆரம்பிச்சாங்க. ஆரம்பத்துல வந்த அறிவிப்பாளர்களும் கேட்டவங்களும் சேந்தே வயசானாங்க. 1993ல மேத்யூ பானிஸ்டர்னு ஒருத்தர் பொறுப்புக்கு வந்தாரு, பெரிய பெரிய பேரெல்லாம் போச்சு, சைமன் பேட்ஸ், கேரி டேவிஸ்னு வரிசையா. இன்னொரு சீனியர் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஷோ நடுவுலயே ராஜினாமாவை அறிவிச்சுட்டுப் போனாரு. அவங்களைக் கேட்டுட்டு இருந்தவங்களும் கூடவே போயிட்டாங்க, லட்சக்கணக்குல. 1995ல கிறிஸ் எவன்ஸ் காலை ஷோவுக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு, அவரும் 1997 ஜனவரியில கிளம்பிட்டாரு.

சரி, அதோட முடிஞ்சுதான்னா இல்ல. 2004ல இருந்து காலை ஷோ பண்ண கிறிஸ் மோய்ல்ஸ் 2012ல போகும்போது அவருக்கு 38. அந்த ஸ்டேஷன் 15ல இருந்து 29 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கானதுன்னு விதி. அதனால 28 வயசு நிக் கிரிம்ஷாவைக் கொண்டுவந்தாங்க. கேக்குறவங்க எண்ணிக்கை குறைஞ்சப்போ அப்போ பொறுப்புல இருந்தவர் வருத்தப்படல, முப்பது தாண்டினவங்களை விரட்டுறதுதான் கிரிம்ஷாவுக்கு நான் குடுத்த வேலை, அதை அவர் சரியா செய்யுறாருங்குற அர்த்தத்துல வெளிப்படையாவே பேசினாரு. படிச்சப்போ எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ பண்ணுச்சு, கேக்குறவங்களை விரட்டுறதும் ஒரு வேலையா? இப்ப இதைக் கவனிங்க, 2018ல கிரிம்ஷா காலை ஷோவை விடும்போது அவருக்கு 34 ஆகப்போகுது, அந்த இடத்துக்கு வந்த கிரெக் ஜேம்ஸுக்கு 32. ரெண்டு வருஷம்கூட வித்தியாசம் இல்ல! அவரும் வருஷக்கணக்கா அதே ஷோவுல இருந்தாரு, மோய்ல்ஸ் கிளம்பின வயசைத் தொட்டாரு. அப்போ இவங்க மாத்தினது வயசையா?

பிபிசி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அது ஜனங்க டிவிக்காகக் கட்டுற லைசன்ஸ் கட்டணத்துல ஓடுறது, விளம்பரம் கிடையாது, எல்லா வயசுக்காரங்க காசும் அதுல இருக்கு. ரேடியோ 2ன்னு பெரியவங்களுக்கு ஒண்ணு வெச்சுட்டு ரேடியோ 1ம் நாப்பது வயசுக்காரங்களையே பிடிச்சு வெச்சிருந்தா, சின்னப் பசங்க காசை வாங்கிட்டு அவங்களுக்கு ஒண்ணுமே செய்யல்லன்னு ஆகும். அங்க ஆர்ஜேவுக்கும் போக ஒரு இடம் இருக்கு, ஜோ வைலி, ஸ்காட் மில்ஸ் எல்லாம் 1ல இருந்து 2க்குப் போனவங்கதான். ஆஸ்திரேலியாவுலயும் ட்ரிபிள் ஜேன்னு இளைஞர் ஸ்டேஷனை வெச்சுக்கிட்டு, அதைத் தாண்டி வளர்ந்தவங்களுக்காக 2014ல டபுள் ஜேன்னு தனியா ஆரம்பிச்சாங்க. வெளிய அனுப்பினாலும் அடுத்த கதவைத் திறந்து வெச்சுட்டு அனுப்புறாங்க.

நம்ம ஊர்ல அடுத்த கதவு எங்க இருக்கு சொல்லுங்க. ரொம்ப வருஷம் ஒரு கம்பெனிக்கு ஒரு ஊர்ல ஒரு அலைவரிசைதான். மத்திய அரசோட எஃப்எம் லைசன்ஸுக்கான மூணாம் கட்டக் கொள்கையிலதான் பெரிய ஊர்கள்ல ஒண்ணுக்கு மேல வெச்சுக்கலாம்னு வந்துச்சு. சின்ன ஊர்ல எல்லா ஸ்டேஷனும் அதே பாட்டு, அதே விளம்பரம், எல்லாருக்கும் அதே "யூத்" வேணும். ஆகாஷவாணியில இளையபாரதம்னு வர்ற இளைஞர் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவ நான், அதுல 30 வயசு வரைக்கும்தான் பங்கெடுக்கலாம், ஆனா அது முன்னாடியே சொல்லிட்டுச் செய்யுறது. தனியார்ல யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க. பேரு வாங்கினவங்க சினிமாவுக்கோ டிவிக்கோ போயிடுறாங்க, மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், ஆர்ஜே பாலாஜின்னு எத்தனை பேரு. மத்தவங்க?

எனக்கு நடந்ததைச் சொல்றேன். புதுசா ஒரு ப்ரோக்ராமிங் ஹெட் வந்தாரு. நல்ல மனுஷன், திட்டினதே கிடையாது. ஒருநாள் கூப்பிட்டு, "மேடம், உங்க வாய்ஸ் கொஞ்சம் மெச்சூர்டா இருக்கு, நம்ம டார்கெட் யூத், சாயங்கால ஸ்லாட்டுக்கு ஃப்ரெஷ்ஷா ஒரு சவுண்டு வேணும்னு மேல கேக்குறாங்க"ன்னாரு. எனக்கு அப்போ முப்பத்தஞ்சுகூட ஆகல. காலேஜ் முடிச்ச கையோட வந்த ஒரு பொண்ணுக்கு என் ஷோவைக் குடுத்தாங்க, கன்சோல்ல சத்தத்தைக் கூட்டிக் குறைக்குற ஃபேடரைத் தூக்குறதுல இருந்து, பாட்டுக்கு நடுவுல பேசுற லிங்க்கை எங்க முடிக்கணும்ங்குறது வரைக்கும் அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அவமேல எனக்கு எப்பவும் கோபம் இல்ல, தங்கமான பொண்ணு. என்னை ராத்திரி ஷோவுக்குப் போட்டாங்க. ராத்திரின்னா தெரியும்ல, இளையராஜா பாட்டு. "அது மெச்சூர்டு ஆடியன்ஸ், உங்களுக்கு செட் ஆகும்"னாங்க.

உக்காந்து கேட்டா ஃபோன் பண்றது யாரு? பாலிடெக்னிக் ஹாஸ்டல் பசங்க. நர்சிங் படிக்கிற புள்ளைங்க, வார்டன் தூங்கினதும் போர்வைக்குள்ள இருந்து பேசுவாங்க, அதனால குரலே வெளிய வராது. பேக்கரியில மாவு பிசைஞ்சுக்கிட்டே பேசுற பத்தொன்பது வயசுப் பையன். மில்லுல நைட் ஷிஃப்ட் பாக்குற பொண்ணுங்க. எல்லாரும் கேக்குறது அவங்க பொறக்குறதுக்கு முன்னாடி வந்த எண்பதுகள் பாட்டு! ஏன் தம்பி இந்தப் பாட்டுன்னு கேட்டா, அப்பா ஆட்டோவுல எப்பவும் ஓடும்க்கான்னு சொல்லுவான். அக்கான்னுதான் கூப்பிடுவாங்க எல்லாரும். பரீட்சை ஃபெயில் ஆனதை வீட்டுல சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட சொன்ன பையன் இருக்கான். அவனுக்கு அவன் வயசுக் குரல் வேணும்னா கூட இருக்குற ஃப்ரெண்டு போதுமே, ரேடியோவுக்கு எதுக்கு ஃபோன் பண்ணணும்?

யார் யாரு கூப்பிடுறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சு மீட்டிங்குக்கு எடுத்துட்டுப் போனேன். "காலர்ஸ் வேற, ஆடியன்ஸ் வேற மேடம், கேக்குறவங்கள்ல ஃபோன் பண்றவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு"ன்னாரு. அது உண்மைதான், நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா அப்போ கேக்குறவங்க வயசு உங்களுக்கு எப்படித் தெரியும்? பிரிட்டன்ல ராஜர்னு ஒரு அமைப்பு 15 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல மாதிரி எடுத்து, யார் எதைக் கேக்குறாங்கன்னு தொடர்ந்து கணக்கெடுக்குது. இந்தியாவுல அது மாதிரி வந்த ராம் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா நாலு ஊருக்குத்தான். சென்னையே அதுல இல்ல, எங்க ஊரு எங்க இருக்கப்போகுது. அப்போ யூத் யூத்துன்னு சொல்றது விளம்பரம் பிடிக்கப் போற சேல்ஸ் ஆளுங்க பவர்பாயிண்ட்ல போட்டதுதானே, அதை நம்பி ஒருத்தி வேலையை மாத்துறது என்ன நியாயம்னு கேட்டேன். அதுக்குப் பதில் வரல. அடுத்த கான்ட்ராக்டும் வரல.

வயித்தெரிச்சல்ல பேசுறான்னு யாராவது கமெண்ட் போடுவீங்க. போடுங்க. புதுசா ஆளு வரவே கூடாதுன்னு நான் சொல்லல, எனக்கும் யாரோ ஒருத்தர் எழுந்து இடம் குடுத்ததாலதான் நான் வந்தேன். நான் சொல்றது வேற. பெரியவங்களை பஸ்ஸை விட்டு இறக்கிட்டா சீட்டு காலியாகும், அவ்வளவுதான், பைக்ல போற பையன் அதுக்காக வந்து ஏற மாட்டான். அவன் ஏறணும்னா அவன் போற ஊருக்கு பஸ் போகணும். ரேடியோ 1லயே பாருங்க, ஜான் பீல் 1967ல ஆரம்பிச்சு 2004ல 65 வயசுல சாகுற வரைக்கும் அங்கதான் இருந்தாரு, யாருக்கும் தெரியாத புது இசைக்குழுக்களைத் தேடித் தேடிப் போட்டுக்கிட்டே. ஆனி நைட்டிங்கேல் 1970ல சேந்தாங்க, அந்த ஸ்டேஷனோட முதல் பெண் அறிவிப்பாளர், அதுக்கப்புறம் இன்னொரு பொண்ணை எடுக்க 1982 வரைக்கும் ஆச்சு. அந்தம்மா 2024 ஜனவரியில 83 வயசுல இறந்தாங்க, எண்பது தாண்டியும் இளைஞர் ஸ்டேஷன்லயே நைட் கிளப்ல ஓடுற புது டான்ஸ் இசை போட்டாங்க. அவங்க காது எப்பவும் புதுசா இருந்துச்சு. நம்ம ஊர்ல எந்தப் பொம்பளை ஆர்ஜேவுக்காவது அந்த வாய்ப்பு கிடைக்குமா? ஆம்பளைக் குரல் கனமா இருந்தா "கம்பீரம்"ங்குறாங்க, பொம்பளைக் குரல் கொஞ்சம் இறங்கினா "மெச்சூர்டு"ங்குறாங்க. இதை யாரும் பேச மாட்டேங்குறாங்க, அதனால நான் எழுதி வைக்கிறேன்.

இன்னொண்ணு, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லணும். இளசுங்க ரேடியோ கேக்கலன்னு ஆர்ஜே தலையில பழியைப் போடுறாங்களே, இப்ப வர்ற ஃபோன்ல எத்தனையில எஃப்எம் இருக்கு? ஹெட்ஃபோன் ஒயருதான் ஆன்டெனா, அந்த ஓட்டையையே எடுத்துட்டாங்க. ஃபோன்ல எஃப்எம் வேலை செய்யுற மாதிரி குடுங்கன்னு 2023ல மத்திய அரசே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்புச்சு, அதுக்கப்புறமும் கடையில போயி கேட்டா விக்கிற தம்பி எஃப்எம்மான்னு முழிக்கிறான். அப்புறம் இந்தச் சொந்தக்காரங்க! ஆர்ஜேவா இருந்தவதானேன்னு கல்யாண ரிசப்ஷனுக்கு ஓசியில மைக்கைக் குடுத்துடுறாங்க. போட்டோகிராஃபருக்குக் காசு, மேளத்துக்குக் காசு, மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே பேசுறவளுக்கு ஒரு தாம்பூலப் பை. பேசுறதும் வேலைதாங்க, தொண்டையும் உடம்புல ஒரு உறுப்புதான்.

நான் இப்ப டப்பிங்கும் பாடப்புத்தக ஆடியோவும் பண்றேன், பிழைப்பு ஓடுது. உங்க ஆர்ஜே எங்க போனாங்கன்னு தேடிப் பாருங்க, யூடியூப்லயோ பாட்காஸ்ட்லயோ நிறைய பேரு இருக்காங்க, கண்டுபிடிச்சா உங்க ஷோ கேட்டேன்னு ஒரு வரி எழுதுங்க. ஸ்டேஷனுக்கும் மெயில் போடுங்க, உங்க வயசு, ஊரு, எந்த நேரத்துல கேப்பீங்க, யாரு போனதும் கேக்குறதை நிறுத்தினீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. முக்கியமா உங்க வீட்டுல காலேஜ் படிக்கிற தம்பியோ தங்கச்சியோ அதே ஆர்ஜேவைக் கேட்டிருந்தா அவங்க பேருலயும் தனியா ஒண்ணு போடச் சொல்லுங்க, அடுத்த மீட்டிங்ல வேற எவளாவது ஒருத்தி நோட்டை எடுத்துட்டுப் போறப்போ அந்த மெயிலும் மேசை மேல இருக்கணும்.