மூச்சு வாங்குகிறது என்றால் மண்ணீரலோடு நிறுத்தாதீர்கள்: லைசோசோம் சேமிப்பு நோய்கள், கேள்வி பதில்

செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் சிறு பைகள்தான் லைசோசோம்கள். அங்கே ஒரு நொதி குறைந்தால், சிதையாத பொருள் உறுப்புகளில் சேர்ந்துகொண்டே போகும். அப்படி வரும் பரம்பரை நோய்கள் இவை.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: டாக்டர், என் மகளுக்கு ஏழு வயது. நீமன்-பிக் பி வகை. எல்லோரும் வயிற்று வீக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். மாடிப்படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அம்மா. ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பைச் சிதைக்கும் நொதி அவளுக்குக் குறைவு. அந்தக் கொழுப்பு நிரம்பிய வெள்ளணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் மட்டுமல்ல, நுரையீரலின் காற்றறைகளிலும் தங்குகின்றன. ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போவது தடைப்படுகிறது. வீங்கிய வயிறும் நுரையீரலுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. வாயு ஊடுருவும் திறனை அளக்கும் சோதனையும் ஸ்கேனும் கேட்டுச் செய்யுங்கள். மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். எடுத்த பிறகு நுரையீரல் பாதிப்பு மோசமாகலாம். 2022-இல் பல நாடுகளில் அனுமதி பெற்ற ஒலிபுடேஸ் ஆல்ஃபா, நுரையீரல், மண்ணீரல் இரண்டிலுமே முன்னேற்றம் தருகிறது.

தாம்பரத்திலிருந்து ஒரு மனைவி: கணவருக்கு 41 வயது, போம்பே நோய். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்குகிறார். ஆனால் சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்திருக்கிறேன். அவருடைய நுரையீரல் நன்றாகவே இருக்கலாம். அதை இயக்கும் உதரவிதானத் தசைதான் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை சேர்ந்து சோர்ந்திருக்கும். இன்றிரவு அவரைச் சில நொடிகள் மல்லாந்து படுக்கச் சொல்லிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழாமல் உள்ளே போனால் அதுதான் அடையாளம். ஊதவைத்து நுரையீரல் கொள்ளளவை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் எடுக்க வேண்டும். படுக்கும்போது கொள்ளளவு 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் வலுவிழந்திருக்கிறது. காலையில் தலைவலி வருகிறதா? இரவில் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதால் வருவது அது. இத்தகையவருக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் மாட்டிவிடுவது ஆபத்து. முகமூடி வழியே மூச்சைத் தள்ளித் தரும் பைபாப் கருவி வேண்டும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ராயபுரத்திலிருந்து: மகனுக்கு மியூகோபாலிசாக்கரிடோசிஸ். குடலிறக்க அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். குறட்டை அதிகம்.

தேதியைவிட மயக்க மருந்து நிபுணர் முக்கியம். இந்த நோயில் சிதையாத சர்க்கரைச் சங்கிலிகள் சேர்ந்து நாக்கு, தொண்டை, மூச்சுக்குழல் எல்லாம் தடித்திருக்கும், கழுத்தெலும்பும் உறுதியற்றிருக்கலாம். மயக்கத்தில் மூச்சுக்காகக் குழாய் செருகுவது மிகக் கடினம். நோயின் பெயரை முன்பே சொல்லுங்கள். தூக்கச் சோதனையையும் முடித்துவிடுங்கள்.

அடையாறிலிருந்து: கௌச்சர் நோய்க்கு நொதி ஊசி போடுகிறேன். சிறுவயதிலேயே மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். மூச்சில் சிரமம் இல்லை. நுரையீரலைப் பார்க்க வேண்டுமா?

வேண்டும். மண்ணீரல் எடுத்தவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் உயரும் அபாயம் கூடுதல். இதயத்தை ஒலி அலைகளால் பார்க்கும் எக்கோ சோதனை போதும், ஆனால் தவறாமல்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து: மாமன் மகளைத்தான் மணந்தேன். முதல் குழந்தைக்கு நீமன்-பிக். அடுத்தது?

நீங்கள் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பதால் ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. முதல் குழந்தையின் மரபணு மாற்றம் தெரிந்திருந்தால் கருவிலேயே சோதிக்கலாம். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையின் கீழ் சிறப்பு மையம். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.