முகத்திரைக்குப் பின்னால் யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டின் தொடக்க கால இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களில், அக்காளின் பெயரில் தங்கை மணமுடிப்பதும், பணிப்பெண் சீமாட்டியாக நடித்து ஒரு பிரபுவின் மனத்தைக் கவர்வதும் அடிக்கடி வருகின்றன. அப்படி நடந்த திருமணம் அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுபடியாகுமா?

பதில்: அது கதை நடக்கும் ஆண்டைப் பொறுத்தது, பல நாவலாசிரியர்கள் கவனிக்கத் தவறும் இடமும் இதுவே. 1753இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, மணமக்களின் பெயர்களைத் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்க வேண்டும். அல்லது திருச்சபையிடம் உரிமம் பெற வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் முன்வந்து சொல்வதற்காகவே இந்த அறிவிப்பு என்பதால், ஏமாற்றும் நோக்கத்துடன் முற்றிலும் வேறொரு பெயரை அறிவித்து நடந்த திருமணத்தை நீதிமன்றங்கள் செல்லாததாகவே கருதின. ஆனால், அந்த வட்டாரத்தில் ஒருவர் பல காலமாகப் புனைபெயராலேயே அறியப்பட்டிருந்தால், அந்தப் பெயரில் நடந்த திருமணம் செல்லும் என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது.

1823ஆம் ஆண்டின் சட்டம் இந்த நிலையை மாற்றியது. அறிவிப்பு முறையாக நடக்கவில்லை என்பதை மணமக்கள் இருவரும் அறிந்தே மணந்திருந்தால்தான் திருமணம் செல்லாது என்று அது வரையறுத்தது. ஆகவே, பெயரை மாற்றிச் சொன்ன கதாநாயகி 1815இல் மணமுடித்தால் சட்டத்தின் கண்ணில் அவள் மனைவியே அல்லள், அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்கும் வாரிசுரிமை இல்லை. அதே கதையை 1825க்கு நகர்த்தினால், எதுவும் அறியாத கணவன் அவளுடன் பிணைக்கப்பட்டுவிடுகிறான். 1857 வரை மறுமணத்துக்கு இடம் தரும் முழுமையான விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்ததால், அவனுக்கு எளிதில் மீட்சியும் இல்லை. இந்த இரண்டு நிலைமைகளும் இரண்டு வேறு நாவல்களுக்கு உரியவை.

நீங்கள் குறிப்பிடும் அக்காள்–தங்கை கதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. தன் எதிரே நிற்பவளை விரும்பி, அவள் பெயரை மட்டும் தவறாக அறிந்திருப்பவன் ஒருவன். அக்காளை மணப்பதாக எண்ணி, முகத்திரைக்குள் இருந்த தங்கையை மணந்தவன் இன்னொருவன். பின்னவன் தங்கைக்குச் சம்மதம் தரவே இல்லை. ஆளைப் பற்றிய பிழை சம்மதத்தையே இல்லாமலாக்கும் என்பது திருச்சபைச் சட்டத்தின் பழைய கொள்கை. பெயரில் செய்த பொய்யைக் காதல் மன்னிக்கலாம். ஆளையே மாற்றி வைத்த பொய்யைக் கடைசி அத்தியாயத்து முத்தம் ஒன்றால் துடைத்துவிடும் நாவலை என்னால் ஏற்க முடிவதில்லை.

கேள்வி: கூடவே வாழ்பவர்களுக்குக் கூடவா அடையாளம் தெரியாமல் போகும்? இது நம்பும்படியாக இல்லையே?

பதில்: நம்ப முடியாத அளவுக்கு நடந்திருக்கிறது. தென் பிரான்சின் ஆர்த்திகா என்ற ஊரிலிருந்து 1548இல் மார்த்தன் கேர் என்பவர் வீட்டைவிட்டு மறைந்தார். 1556இல், தானே அவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து சேர்ந்தான். உறவினர்கள் ஏற்றுக்கொண்டார்கள், மனைவி பெர்த்ரான்ந்தும் ஏற்றுக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தைகளும் பிறந்தார்கள். சொத்துத் தகராறு முற்றிய பிறகே சிற்றப்பா வழக்குத் தொடுத்தார். காலணி தைப்பவர் ஒருவர், பழைய மார்த்தனின் பாதம் இவனுடையதைவிடப் பெரியது என்று சாட்சி சொன்னார். ஆயினும் 1560இல் துலூஸ் நீதிமன்றம் அவனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவிருந்த வேளையில், மரக்காலை ஊன்றியபடி உண்மையான மார்த்தனே வந்து நின்றார். வந்தேறிய அர்னோ து தீல் தூக்கிலிடப்பட்டான்.

பெர்த்ரான்ந்துக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்காது என்றும், தெரிந்தே அவனுக்குத் துணை நின்றார் என்றும் வரலாற்றாசிரியர் நட்டாலி டேவிஸ் வாதிட்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் பொருத்தமாகவே படுகிறது. விட்டுச் சென்ற கணவனைவிடத் தன்னை மதித்து வாழ்ந்த அந்நியனே மேல் என்று ஒரு பெண் தனக்குள் முடிவு செய்துகொண்டு ஊராரிடம் மௌனம் காத்திருந்தால், அதைவிடக் கனமான காதல் கதையைக் கற்பனையில் தேடிக் கண்டெடுப்பது கடினம்.

பாசத்தின் ஏக்கமும் கண்ணை மறைக்கும். கப்பலோடு கடலில் காணாமற்போன ரோஜர் டிச்போர்ன் என்ற செல்வக் குடும்பத்து மகன் தானே என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இறைச்சிக் கடைக்காரரை, 1867இல் அந்தத் தாய் தன் பிள்ளை என்றே ஏற்றார். பாரிஸில் பிரெஞ்சு பேசி வளர்ந்த மகனுக்குப் பிரெஞ்சு மொழியே தெரியவில்லை என்பதுகூட அவரைத் தடுக்கவில்லை.

கேள்வி: உண்மை எந்தக் கட்டத்தில் வெளிப்பட வேண்டும்? ஏமாற்றியவரே சொல்வது சிறப்பா, ஏமாந்தவர் கண்டுபிடிப்பது சிறப்பா?

பதில்: திரும்ப முடியாத செயல் நடப்பதற்கு முன்னால் வெளிப்பட வேண்டும், அதற்குப் பிறகு வரும் ஒப்புதல் வாக்குமூலத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. இரண்டாவது கேள்விக்கு நளன் கதையே விடை சொல்கிறது. நளவெண்பாவின் சுயம்வரத்தில் தேவர்கள் நால்வரும் நளன் உருவில் அமர்ந்திருக்க, இமைக்கும் கண்ணையும் நிலத்தில் தோயும் பாதத்தையும் வாடும் மாலையையும் பார்த்துத் தமயந்தி மனிதனைத் தேர்கிறாள். பின்னர் அவன் உருமாறி வாகுகன் என்ற பெயரில் மடைத்தொழில் செய்யும்போதும், அவன் சமைத்த உணவைக் கொண்டும் பிள்ளைகளை அவனிடம் அனுப்பியும் அவளே சோதித்துத் தெளிகிறாள். ஏமாந்தவருக்கு இவ்வளவு அறிவும் உரிமையும் தரும் கதையில், மீண்டும் சேர்வது அவருடைய தேர்வாகவே அமைகிறது.

கேள்வி: 1812இல் நடக்கும் ஆள்மாறாட்டக் காதல் கதை ஒன்றை எழுதி வருகிறேன். எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: புகைப்படம் வேண்டாம், அந்தக் கலை 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியங்கள் அக்காலத்தில் வழக்கத்தில் இருந்தன, ஓவியரின் முகத்துதி உங்கள் கதைக்கு உதவும். கடிதங்களில் கூடுதல் கவனம் தேவை. 1840க்கு முன் பெரும்பாலும் பெறுபவரே அஞ்சல் கட்டணம் செலுத்தினார் என்பதால், பணம் கொடுத்து வாங்கிய கடிதத்தை எளிதில் எறிந்துவிட மாட்டார்கள். உங்கள் கதாநாயகியைக் காட்டிக்கொடுப்பது முகத்தைவிடக் கையெழுத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.