பறவைக் காலில் வளையம் மாட்டுவதெல்லாம் ஒரு படிப்பா?

வளையம் மாட்டிவிட்டு, அடுத்த வருஷம் போய் அது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு மேற்படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான் அம்மா. ஆனால் உங்கள் பெண் சேர ஆசைப்படுவது பேருக்குத்தான் விலங்கியல், உள்ளே போனால் முக்கால்வாசி புள்ளியியல். காட்டை நினைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டு நிகழ்தகவைக் கண்டதும் மிரண்ட பிள்ளைகள் உண்டு, அதனால் இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 100 பறவைகளுக்கு வளையம் மாட்டியாயிற்று, அடுத்த வருஷம் 50 கண்ணில் பட்டன. பாதி செத்துவிட்டதா? சில உயிரோடு இருந்தும் நம் கண்ணுக்குத் தப்பியிருக்கலாமே. எத்தனை தப்பின என்று தெரிய மூன்றாம் வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அப்போது 40 தென்பட்டால், செத்தது திரும்பி வராது என்பதால், அந்த 40-ம் இரண்டாம் வருஷம் உயிரோடுதான் இருந்திருக்கின்றன. அவற்றில் 32-ஐத்தான் அந்த வருஷம் பார்த்திருந்தோம் என்றால், உயிரோடிருப்பது கண்ணில் படும் வாய்ப்பு 80 சதவீதம். சரி, இப்போது 50-ஐ 0.8-ஆல் வகுங்கள்: சுமார் 62, 63 பறவைகள் பிழைத்திருக்கும்.

புள்ளியியலாளர்களான கார்மாக் 1964-லும், ஜாலியும் செபரும் தனித்தனியாக 1965-லும் முறைப்படுத்திய கணித மாதிரியின் அடிப்படை இதுதான். இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: வேறு இடத்துக்கே போய்விட்ட பறவையும் செத்த பறவையும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான், ஆகவே வரும் விடை உண்மையான பிழைப்பு விகிதத்தைவிடக் குறைவாக இருக்கலாம்.

சேர்வதற்கு முன் அவள் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்கட்டும். ஓடையில் முங்கி இரைதேடும் டிப்பர் என்ற பறவையைப் பற்றிய தரவு ஒன்று, 294 பறவைகள், 7 வருஷம், புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியின் தொகுப்புகளில் இலவசமாகவே கிடைக்கும். ஒவ்வொரு பறவையும் 1, 0 என்று ஒரு வரிசை, பார்த்தால் 1, பார்க்காவிட்டால் 0, அவ்வளவே. எளிய மாதிரியை ஓட்டினால் வருடாந்தரப் பிழைப்பு சுமார் 0.56, கண்ணில் படும் வாய்ப்பு சுமார் 0.90 என்று வரும். அப்புறம் வெள்ளம் வந்த காலத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் பிழைப்பு 0.47-க்கு இறங்கும், மற்ற காலத்தில் 0.61. அந்த இடத்தில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தால் சேர்த்துவிடுங்கள். கொட்டாவி விட்டால், அவளுக்குப் பிடித்தது பறவைதான், இந்தப் படிப்பு அல்ல.

வேலையைப் பற்றி மழுப்ப மாட்டேன். களப்பணி பெரும்பாலும் சில மாத ஒப்பந்தம், நிரந்தர ஆராய்ச்சி இடங்கள் குறைவு, அதற்கும் பெரும்பாலும் முனைவர் பட்டம் கேட்பார்கள். ஆனால் பாதி மறைந்த தரவிலிருந்து விடை எடுக்கப் பழகியவளுக்கு வேறு கதவுகளும் உண்டு. மருந்துப் பரிசோதனையில் நடுவில் காணாமல் போகும் நோயாளிகளைக் கணக்கில் கொள்வதும், பதிவேட்டில் வராத நோயாளிகள் எத்தனை பேர் என்று இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு மதிப்பிடுவதும் இதற்குச் சொந்தக்காரக் கணக்குகள்தான்.

அதனால் படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தில் புள்ளியியலும் நிரல் எழுதுவதும் எத்தனை தாள் என்று எண்ணுங்கள். வழிகாட்டப்போகும் பேராசிரியரிடம் அவளையே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "தரவைச் சேகரிப்பது மட்டுமா, அலசுவதும் நானா?"